புது வரிசை வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன், அப்புறம் வந்து படிப்பவர்களுக்கும் புரியும். 16-க்கு 12 அடி அறை, பத்தடி உயரம், டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர். 5.1.2 ஹோம் தியேட்டர் (சுற்றி ஐந்து ஸ்பீக்கர், கனத்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர், மேலே ஒரு அட்மாஸ் ஜோடி) போட ஆசை. மனதில் வைத்திருக்கும் ஸ்பீக்கர் வரிசையைக் கம்பெனி அடியோடு மாற்றுகிறது, சீக்கிரமே வந்துவிடும் என்று பேச்சு. டீலரோ, இப்போதைய வரிசையை 30 சதவீதம் தள்ளித் தருகிறேன், இந்த மாதம் விட்டால் ஸ்டாக் இருக்காது என்கிறார். காத்திருப்பதா, வாங்கிவிடுவதா? டைல்ஸ் தரைக்கு என்ன செய்வது?

சென்டர் ஸ்பீக்கருக்காக, அதாவது டிவிக்குக் கீழே நடுவில் வைப்பதற்காக, என்றால் காத்திருங்கள். புது ட்வீட்டருக்காக (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர்), புது நிறத்துக்காக, காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் கிரில்லுக்காக என்றால் வேண்டாம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

"அடியோடு மாற்றுகிறோம்" என்று கம்பெனிகள் சொல்லும்போது உள்ளே உண்மையில் என்ன மாறுகிறது? நான் கூர்ந்து கவனித்தது கெஃப் கம்பெனியின் கியூ வரிசையை. 1961-ல் ரேமண்ட் குக் என்பவர் இங்கிலாந்தில் மெய்ட்ஸ்டோன் என்ற ஊரில் ஆரம்பித்த கம்பெனி இது. கென்ட் இன்ஜினியரிங் அண்ட் ஃபவுண்ட்ரி என்ற வார்ப்பாலையின் இடத்தில் தொடங்கியதால் அந்தப் பெயர். 1988-ல் அவர்கள் யூனி-கியூ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ட்வீட்டரைத் தனியாக மேலே வைக்காமல் கூம்பின் நடுக்குழியிலேயே உட்கார வைப்பது. ஒலி ஒரே இடத்திலிருந்து புறப்படும், எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

இந்த கியூ வரிசை 2017-ல் ஒருமுறை மாறியது, அப்புறம் 2024-ல் கியூ மெட்டா என்று வந்தது. ஏழு வருட இடைவெளி. விளம்பரமெல்லாம் மெட்டா என்ற சொல்லைச் சுற்றித்தான். ட்வீட்டருக்குப் பின்னால் புதிர்ப்பாதை போலக் குழிகள் வெட்டிய ஒரு வட்டத் தகடு. ட்வீட்டரின் முதுகுப் பக்கம் போகும் ஒலியை அது விழுங்கிவிடும். நல்ல சரக்குதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது 2020-லேயே எல்எஸ்50 மெட்டாவில் வந்துவிட்டது. 2023-ல் ஆர் வரிசைக்கு இறங்கியது, அடுத்த வருடம் கியூவுக்கு.

என்னைக் கேட்டால் அந்த மாற்றத்தில் பெரிய விஷயம் அதிகம் பேசப்படாத இன்னொன்று. பழைய கியூ டவர்களில் (தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர்) நடுவிலிருந்த யூனி-கியூ கூம்பே பாஸிலும், அதாவது கனத்த அடியொலியிலும், ஒரு பங்கைச் சுமந்தது. புதியவற்றில் பாஸ் வேலை முழுக்க வூஃபர்கள் என்ற பக்கத்துப் பெரிய கூம்புகளுக்குப் போய்விட்டது. நடுவில் மிட்ரேஞ்சுக்கென்று, அதாவது குரல் இருக்கும் இடைப்பட்ட ஒலிக்கென்று, ஒரு சின்னக் கூம்பு, அதன் குழியில் ட்வீட்டர். யோசித்துப் பாருங்கள்: ட்வீட்டரைச் சுற்றியிருக்கும் கூம்புதான் அதன் ஒலிக்கு வழிகாட்டும் சுவர். வெடிச்சத்தம் வரும்போது அந்தச் சுவரே முன்னும் பின்னும் ஆடினால், அதே நேரத்தில் பேசுகிறவரின் குரலும் சேர்ந்து குலுங்கும். கூம்பைப் பாஸிலிருந்து விடுவித்தால் அந்தக் குலுக்கல் நிற்கும். கண்காட்சி மேடையில் இதை வைத்து நாலு வார்த்தை பேச முடியாது, ஒரு ஸ்லைடுகூடப் போட முடியாது. ஆனால் சோபாவில் உட்கார்ந்தால் தெரியும்.

இதிலிருந்து உங்களுக்கு உபயோகமான ஒன்றும் கிடைக்கிறது. வரப்போகும் வரிசையில் என்ன இருக்கும் என்று ஊகிக்க வதந்தியே தேவையில்லை. அதே கம்பெனியின் மேல்தட்டு வரிசையில் இரண்டு மூன்று வருடம் முன்னால் என்ன வந்தது என்று பாருங்கள், முக்கால்வாசி அதுதான் கீழே இறங்கும். போவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் தங்களுடைய பேர்போன மஞ்சள் கெவ்லார் கூம்பைக் கைவிட்டு கன்டினியம் என்ற வெள்ளிநிறக் கூம்புக்கு மாறியது 2015-ல், 800 வரிசையில். 2017-ல் அது 700-க்கு வந்தது, 2018-ல் 600-க்கு. படி இறங்குவது போல ஒன்றன்பின் ஒன்றாக. 2016-ல் 600 வரிசையை வாங்க நினைத்தவர் மேலே நிமிர்ந்து பார்த்திருந்தால் அடுத்து என்ன வரும் என்பது எழுதி ஒட்டியிருந்தது.

எல்லாக் கம்பெனியும் ஒரே தாளத்தில் போவதில்லை. கிளிப்ஷ் ரெஃபரன்ஸ் பிரீமியர் வரிசை 2015, 2018, 2022 என்று மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை சட்டை மாற்றியது. அந்த மாதிரிக் கம்பெனிக்காகக் காத்திருந்தால் காத்திருந்துகொண்டே இருக்கலாம். ஏழு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிற கம்பெனி என்றால், ஆறாவது வருடத்தில் முழு விலை கொடுப்பதற்கு முன்னால் யோசிக்க வேண்டும். நீங்கள் பார்க்கும் வரிசைக்கு இப்போது என்ன வயது என்று முதலில் எண்ணுங்கள்.

இனி சென்டருக்கு வருகிறேன். சினிமா வசனத்தில் பெரும்பகுதி அந்த ஒரு பெட்டியிலிருந்துதான் வருகிறது. "வசனம் புரியவில்லை, சண்டை வந்தால் காது கிழிகிறது" என்று வீட்டில் வரும் புகாரில் பாதி இதன் தலையில்தான் விழும். டிவிக்குக் கீழே நுழைய வேண்டுமே என்று இதைப் படுக்க வைத்துச் செய்கிறார்கள். வழக்கமான வடிவம்: இடதும் வலதும் ஒவ்வொரு வூஃபர், நடுவில் ட்வீட்டர். மிட்ரேஞ்சையும் அந்த இரண்டு வூஃபர்களே பார்த்துக்கொள்ளும். இதுதான் இரண்டு வழிச் சென்டர். நேர் எதிரே உட்கார்ந்தவருக்கு இரண்டு வூஃபர்களும் சம தூரம், பிரச்சினை இல்லை. சோபாவின் ஓரத்தில் உட்காருபவருக்கு ஒன்று கிட்டே, ஒன்று எட்டே.

எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆறரை அங்குல வூஃபர்கள் இரண்டு, மையத்துக்கு மையம் சுமார் 35 சென்டிமீட்டர் என்று வையுங்கள். நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி, நடுவிலிருந்து ஒரு 1.4 மீட்டர் ஓரமாக உட்கார்ந்தால் கோணம் 25 டிகிரி. இரண்டு வூஃபர்களின் ஒலியும் உங்கள் காதுக்கு வந்து சேரும் தூர வித்தியாசம் சுமார் 15 சென்டிமீட்டர். அது எந்த அலையின் நீளத்தில் பாதியோ, அந்த அலையை ஒன்று தள்ள இன்னொன்று இழுத்து, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கணக்குப்படி 1,150 ஹெர்ட்ஸ் பக்கம். அது மனிதக் குரலின் தெளிவு இருக்கும் இடத்தின் வாசல்படி. அம்மா எப்போதும் சோபா ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு "என்ன சொன்னான்?" என்று கேட்பது காது மந்தத்தினால் மட்டும் அல்ல.

இதற்கு மருந்து எல்லாருக்கும் தெரியும்: மூன்று வழிச் சென்டர். வூஃபர்கள் இருபுறமும் பாஸை மட்டும் பார்க்க, நடுவில் சின்ன மிட்ரேஞ்சும் அதன் தலைக்கு மேல் ட்வீட்டரும் செங்குத்தாக நிற்கும். அல்லது கெஃப் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று. செலவு கூடும் என்பதால் நடுத்தர விலை வரிசைகளில் இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருவார்கள், மாற்றியமைக்கும்போதுதான் சேர்ப்பார்கள். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. இப்போதைய வரிசையின் சென்டர் இரண்டு வழியா, மூன்று வழியா? ஏற்கெனவே மூன்று வழி என்றால் டீலரிடம் போய்ப் பணத்தைக் கட்டுங்கள், காத்திருந்து பெரிதாக ஒன்றும் கிடைக்காது. இரண்டு வழி என்றால், அந்தச் சோபாவில் நீங்கள் தனியாளாக நடுவில் உட்கார்ந்து பார்ப்பவரா, குடும்பமாகப் பார்ப்பவரா என்பதைப் பொறுத்தது.

"சரி, டவரைப் பழையதில் தள்ளுபடியில் வாங்கிவிட்டு, சென்டரை மட்டும் புது வரிசை வந்ததும் வாங்கிக்கொள்கிறேன்" என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. என்னிடம் பழைய தலைமுறை டவர்கள் இரண்டு இருந்தன. புதுத் தலைமுறைச் சென்டர் வந்ததும் அதை மட்டும் வாங்கி நடுவில் வைத்தேன். ஒரே கம்பெனி, ஒரே வரிசைப் பெயர், கடைசியில் இருக்கும் எண் மட்டும் வேறு. எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் ரிசீவரில் டெஸ்ட் டோன் போட்டேன். இடது டவரில் "ஷ்ஷ்ஷ்" என்று மழை மாதிரி வந்தது. சென்டருக்கு நகர்ந்ததும் அதே இரைச்சல் "ஸ்ஸ்ஸ்" என்று ஆனது, குக்கர் வெயிட்டைத் தூக்கிவிட்ட மாதிரி. வலது டவருக்குப் போனதும் மறுபடி "ஷ்ஷ்ஷ்". திரையில் ஒரு கார் இடமிருந்து வலம் போனால் நடுவில் வேறு கார் ஆகி, திரும்பப் பழைய காராக வெளியே போனது. ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து மூன்று தடவை அளந்து பார்த்தேன், நேர் எதிரே வரும் ஒலியை ஓரளவுக்கு அது ஒத்துப்போக வைத்தது. பக்கவாட்டில் சுவரில் பட்டு வரும் ஒலியைத் திருத்த எந்த மைக்காலும் முடியாது. எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நஷ்டத்துக்கு விற்றேன்.

அதனால் முன்னால் நிற்கும் மூன்றும், அதாவது இடது, சென்டர், வலது, ஒரே தலைமுறையில் இருக்கட்டும். மூன்றையும் பழையதில் வாங்குங்கள், அல்லது மூன்றையும் புதியதில். பின்னால் வைக்கும் சரவுண்டும் மேலே வைக்கும் அட்மாஸ் ஜோடியும் அவ்வளவு கறார் கிடையாது. அங்கே மழை, பறவை, ஹெலிகாப்டர்தான். பழைய தலைமுறையே தாராளமாகப் போதும்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். புது வரிசை வந்ததும் எல்லாரும் பெட்டி பிரிக்கும் வீடியோவைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் அளவீட்டு வரைபடத்துக்குக் காத்திருப்பேன். கனடாவில் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருந்தபோது ஃபிளாய்ட் டூல் 1980-களில் ஒரு வேலை செய்தார். கேட்பவருக்கு எந்த ஸ்பீக்கர் என்று தெரியாமல் திரை போட்டு மறைத்து ஒலிக்கவிட்டு, எது பிடித்திருக்கிறது என்று கேட்டார். அந்தந்த ஸ்பீக்கரைச் சுற்றிச் சுற்றி அளந்தும் வைத்தார். நேர் எதிரே ஒலி சமமாகவும், பக்கவாட்டில் போகப் போகச் சீராகக் குறைந்தும் இருக்கிற ஸ்பீக்கரைத்தான் பெரும்பாலானோர் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வேலையிலிருந்து வளர்ந்ததுதான் இப்போது சிடிஏ-2034 என்ற பெயரில் இருக்கும் அளவீட்டு முறை. கிடையாகவும் செங்குத்தாகவும் பத்து டிகிரிக்கு ஒன்றாக 70 கோணங்களில் அளப்பார்கள். அந்த வரைபடத்தில் பக்கவாட்டுக் கோடுகள் 1,000 ஹெர்ட்ஸ் பக்கம் குழி விழுந்து கிடந்தால், விளம்பரம் என்ன சொன்னாலும் அந்தச் சென்டர் அம்மாவைக் கஷ்டப்படுத்தும்.

தாளில் போட்டிருக்கும் சென்சிட்டிவிட்டி எண்ணை, அதாவது ஒரே அளவு மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பதை, பார்த்தும் சிலர் ஏமாறுகிறார்கள். அலமாரியில் வைக்கும் அளவுச் சின்ன ஸ்பீக்கரான கிளிப்ஷ் ஆர்பி-600எம் புக்‌ஷெல்ஃபுக்கு 96 டெசிபெல் என்று போட்டிருந்தது. அதற்கு அடுத்துவந்த ஆர்பி-600எம் 2-க்கு 94.5. "புதுசு பழசைவிட வீக்" என்று அப்போது சிலர் கிளம்பினார்கள். ஒன்றரை டெசிபெல் என்பது வால்யூம் குமிழை ஒரு சின்னச் சொடுக்குத் திருப்புவது, அவ்வளவுதான். மூன்று டெசிபெல் குறைந்தால் ஆம்ப்ளிஃபையர் இரண்டு மடங்கு வாட்ஸ் தர வேண்டும், அப்போது கவலைப்படலாம். புது வரிசை 4 ஓம் என்று (அது ஆம்ப்ளிஃபையரிடம் அதிக மின்சாரம் இழுக்கும்) வந்தால் மட்டும் உங்கள் ரிசீவர் அதைத் தாங்குமா என்று கையேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

அப்புறம் அறை. சுமார் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஸ்பீக்கரைவிட உங்கள் அறைதான் அதிகம் பேசும். 16 அடி நீளம் 35 ஹெர்ட்ஸில் கூவும், 12 அடி அகலம் 47-ல், பத்தடி உயரம் 56-ல். பழைய வரிசையோ புது வரிசையோ, இந்த மூன்று எண்ணும் மாறப் போவதில்லை. சிமென்ட் சுவர் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது என்பதால் இந்தக் கூவல் இன்னும் தூக்கலாக இருக்கும். ஆகவே சப்வூஃபருக்காகக் காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. அது டவரோடு ஒரே வரிசையில் இருக்க வேண்டிய அவசியமே கிடையாது, வேறு கம்பெனியாகக்கூட இருக்கலாம். வாங்கி, நீங்கள் உட்காரும் சோபா மேலேயே தூக்கி வையுங்கள். ஒரு பாஸ் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். ஒரு மூலையில் தொப்பைக்குள் உதறும், இரண்டடி தள்ளினால் காணாமல் போகும், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்கும். அந்த இடத்தில் சப்வூஃபரை வையுங்கள். வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ரிசீவரில் கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டால் டவரின் பாஸ் சுமை பெரும்பாலும் இறங்கிவிடும். இந்த அளவு அறையில், சப்வூஃபரோடு சேர்த்தால், டவருக்குப் பதில் நல்ல புக்‌ஷெல்ஃபே போதும் என்பதும் என் கட்சி. மிச்சமாகும் பணம் சென்டருக்குப் போகட்டும்.

டைல்ஸ் தரைக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டியதற்குப் பின்னால் "ட்ரிங்" என்று ஒரு வால் நீண்டால் அதுதான் வசனத்தைக் கெடுப்பது. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் தடிமனான கம்பளம், ஒரு பக்கச் சுவரில் புத்தக அலமாரி, எதிர்ச்சுவரில் கனத்த திரைச்சீலை, தரையைத் தொடும் அளவுக்கு, மடிப்பு மடிப்பாக. மெல்லிய ஜமக்காளம் போட்டால் கீச்சுக்குரல் மட்டும் கொஞ்சம் அடங்கும், மற்றது அப்படியே இருக்கும்.

புது வரிசை நெருங்கிவிட்டதா என்பதைக் காலண்டரும் சொல்லும். ஜனவரியில் லாஸ் வேகாஸில் சிஇஎஸ் என்ற மின்னணுப் பொருள் கண்காட்சி. எஸ்விஎஸ் என்ற ஸ்பீக்கர் கம்பெனி தன்னுடைய அல்ட்ரா எவல்யூஷன் வரிசையை 2024-ல் அந்தச் சமயத்தில்தான் அறிவித்தது. இன்னொரு பருவம் செப்டம்பர். போவர்ஸின் 700 வரிசை 2017-லும் 2022-லும் செப்டம்பரில்தான் புதுப்பிக்கப்பட்டது, கியூ மெட்டாவும் 2024 செப்டம்பர். அறிவிப்புக்கும் ஷோரூமில் பெட்டி வந்து இறங்குவதற்கும் நடுவில் மாதங்கள் ஓடும். விலையும் பழையதைவிட ஏறித்தான் வரும், முதல் சில மாதம் தள்ளுபடி என்ற பேச்சே இருக்காது.

டீலர் சொல்லும் "இந்த மாதம் விட்டால் கிடைக்காது" என்பதில் பாதி உண்மை உண்டு. கடைசி ஸ்டாக்கில் முதலில் தீர்வது சென்டர்தான், ஏனென்றால் டீலர்கள் அதைக் குறைவாகவே எடுத்து வைப்பார்கள். புக்‌ஷெல்ஃப் கறுப்பு நிறத்தில் கடைசிவரை கிடக்கும். ஆகவே "முப்பது சதவீதம்" என்றதும் தலையாட்டாமல், சென்டர் கையில் இருக்கிறதா, டெமோ பீஸா சீல் பிரிக்காததா, உங்கள் பெயரில் கம்பெனி பில்லும் வாரண்டியும் வருமா என்று கேளுங்கள். சென்டர் இல்லை, அப்புறம் வரவழைத்துத் தருகிறேன் என்றால் அந்தப் பேரத்தை அங்கேயே விடுங்கள். என் எட்டு மாதக் கதை உங்களுக்கும் நடக்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். சப்வூஃபரும் கம்பளமும் இந்த வாரமே. சரவுண்டும் அட்மாஸ் ஜோடியும் தள்ளுபடியில், பழைய வரிசையிலேயே. முன் மூன்றை முடிவு செய்வதற்கு முன்னால் டீலரிடம் பழைய வரிசைச் சென்டரின் டெமோ பீஸை, டெபாசிட் கட்டியாவது, ஒரு சனி ஞாயிறு வீட்டுக்குக் கேட்டு வாங்குவேன். டிவிக்குக் கீழே வைத்து, காது உயரத்தைப் பார்க்கும்படி முன்பக்கம் ஒரு ரப்பர் துண்டைச் செருகி லேசாக அண்ணாந்து நிறுத்தி, செய்தி வாசிப்பு ஒன்றைப் போடுவேன். சினிமா வேண்டாம், செய்திதான் சரி. பின்னணி இசை எதுவும் குரலை மறைக்காது. நடுவில் பத்து நிமிடம், அப்புறம் ஓரத்தில் பத்து நிமிடம். ஓரத்துக்கு நகர்ந்ததும் வாசிப்பவர் வாயில் துணியை வைத்துக்கொண்ட மாதிரி ஆனால் பெட்டியைத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிட்டுப் புது வரிசைக்குக் காத்திருப்பேன். ஆகாவிட்டால் அதே பழைய வரிசையின் இடது, வலதோடு சேர்த்து மூன்றையும் எடுத்துக்கொண்டு, 30-ஐ 35 ஆக்க முடியுமா என்று பேரம் பேசுவேன்.